தனிஸ்லாஸ் சாமியின் வரிசை

தனிஸ்லாஸ் சாமியின் வரிசையில் எனக்கு முன்னால் பதினாறு பேர். பங்குச்சாமியின் வரிசையில் மொத்தமே மூன்று பேர், அதிலும் ஒருவர் வெளியூர்க்காரர், விவரம் தெரியாமல் போய் உட்கார்ந்திருக்கிறார். வருஷா வருஷம் இப்படித்தான். டிசம்பர் இருபத்துமூன்று, சாயங்காலம் நாலு மணி, கிறிஸ்து பிறப்புப் பெருநாளுக்கு முன்னால் ஊர் முழுக்கச் சாமியிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற நாள். கோயிலின் தெற்குச் சுவரோரம் ஒரு பாவசங்கீர்த்தனத் தொட்டி, வடக்குச் சுவரோரம் ஒன்று. இரண்டும் ஒரே தேக்கு மரம், ஒரே ஊதாத் திரை, ஆனால் தெற்குத் தொட்டிக்கு முன்னால்தான் ஊரே குவியும், ஏனென்றால் உள்ளே இருக்கிற தனிஸ்லாஸ் சாமிக்கு எண்பத்தோரு வயது, இரண்டு காதும் கேட்காது. என்ன சொன்னாலும் "நல்லது, நல்லது" என்பார், மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லும்படி அபராதம் கொடுப்பார், கையைத் தூக்கி மன்னித்து அனுப்பிவிடுவார். கொலை பண்ணிவிட்டு வந்தவனுக்கும் நல்லதுதான், நல்லதுதான் என்று ஊரில் கேலி பேசுவார்கள், பேசிவிட்டு அதே வாயோடு வந்து இந்த வரிசையில் உட்காருவார்கள். வடக்குத் தொட்டியில் இருக்கிற கிராசியுஸ் சாமி எங்கள் பங்குச்சாமி, நாற்பது வயது, பாம்புக் காது. போதாததற்குக் கேள்வி வேறு கேட்பார். எத்தனை தடவை, யாரிடம், ஏன். நான் மூன்று வருஷமாகத் தனிஸ்லாஸ் சாமியின் வரிசைக்காரி. முன்னால் ஒருவர் எழுந்து உள்ளே போக, பெஞ்சில் எல்லோரும் ஓர் இடம் நகர்கிறோம், நானும் நகர்கிறேன், இப்போது பதினைந்து பேர்.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், எமரன்சியா. காலையிலிருந்து எனக்கு நானே இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்காரரின் மூன்றாம் வருஷ நினைவுப் பூசை. நன்மை வாங்க எழுந்து போனேன், நாக்கை நீட்டினேன், சாமி நாக்கில் வைத்த நற்கருணை அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாக்கால் தள்ளியும் இறங்கவில்லை. இடத்தில் வந்து முழங்கால் போட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அதை இறக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பார்த்தவர்கள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அப்போதுதான் முடிவெடுத்தேன். நாளை மறுநாள் பெருநாள் பூசையில் இப்படி ஒரு நன்மையை நான் வாங்க மாட்டேன், ஒன்று சொல்லிவிட்டு வாங்குவேன், இல்லையென்றால் எழுந்தே போக மாட்டேன். எழுந்து போகாவிட்டால் தெரு முழுக்கக் கேட்கும், எமரன்சியா ஏன் நன்மை வாங்கவில்லை, உடம்புக்கு என்ன, மனதுக்கு என்ன என்று. அந்தப் பயத்தில்தான் மூன்று வருஷமாகப் போய் நாக்கை நீட்டினேன். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் ஒரு கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்தது மறக்கவில்லை. பெரிய பாவத்தை மறைத்துக்கொண்டு சின்னச் சின்னப் பாவத்தை மட்டும் சொன்னால் அது கள்ளப் பாவசங்கீர்த்தனம், சொன்ன பாவமும் மன்னிக்கப்படாது, அதன் மேல் வாங்குகிற நன்மை இன்னொரு பாவம். அப்போது எங்களுக்கு இருந்த பெரிய பாவம் சர்க்கரை டப்பாவில் கைவிட்டதுதான், ஆனாலும் பயந்து நடுங்கினோம். அந்தப் பயம் எனக்கு ஐம்பத்திரண்டு வயதில் பலித்திருக்கிறது. கேட்காத காதில் கோபப்பட்டேன், புறணி பேசினேன், ஒரு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை என்று மூன்று வருஷமாகச் சொல்லிவிட்டு வருகிறேன். கேட்காத காதுக்கே உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

பீடத்துக்கு இடது பக்கம் இளைஞர் மன்றத்துப் பையன்கள் குடில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வைக்கோல் பறந்து வந்து பெஞ்சில் விழுகிறது. மாடு எந்தப் பக்கம், கழுதை எந்தப் பக்கம் என்று அவர்களுக்குள் சண்டை. பாடகர் குழு மாடியில் ஒரே வரியை ஒன்பதாவது தடவையாகப் பாடுகிறது, மேல் சுருதி எட்டவில்லை, ஆர்மோனியக்காரர் நிறுத்திவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறார். வெளியே தூறல். ஈர வைக்கோல் வாசனையோடு எங்கிருந்தோ எண்ணெய்ப் பலகார வாசனை வருகிறது, கோயில் தெருவில் யாரோ சுடுகிறார்கள், டிசம்பர் இருபத்துமூன்றில் சுடாத வீடு ஏது, என் வீடு ஒன்றைத் தவிர. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் போன அன்றைக்கும் இதே வாசனை. அச்சு முறுக்கு சுட்டவர்களுக்குத் தெரியும், நடுவில் எழுந்து போக முடியாது. பூப்போட்ட அச்சு எண்ணெயிலேயே கிடந்து காய வேண்டும், காய்ந்த அச்சை மாவில் முக்கி மறுபடி எண்ணெயில் வைத்து உதற வேண்டும். அச்சு ஆறினால் மாவு பிடிக்காது, பிடித்தால் விடாது. நான் அடுப்படியில் இருந்தேன். முன்னறையில் கட்டிலில் அவர். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டிய மனுஷர், பெயர் தொபியாஸ், அவர் போட்ட சத்தத்துக்குக் கப்பலே பயப்படும் என்பார்கள். பக்கவாதம் வந்து வலது பக்கம் போய், பேச்சும் போய், இரண்டரை வருஷம் அந்தக் கட்டிலில் கிடந்தார். இடது கையில் ஒரு எவர்சில்வர் தம்ளர். எது வேண்டுமென்றாலும் அதைக் கட்டில் கம்பியில் தட்டுவார். தண்ணீர் வேண்டும், தட்டு. மின்விசிறி வேண்டும், தட்டு. நெற்றியில் ஈ உட்கார்ந்தால் தட்டு. அடுப்படியில் இருந்தாலும், கொல்லையில் இருந்தாலும், குளிக்கும்போது தலையில் பாதி ஷாம்பு இருந்தாலும் நான் ஓடி வருவேன். நான் சரியாகத்தான் பார்த்தேன், அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது, படுக்கைப் புண் ஒன்றுகூட அவர் உடம்பில் வந்ததில்லை. ஆனால் எனக்கு அலுத்துப்போயிருந்தது. அன்றைக்கு முதல் ஈடு எண்ணெயில் கிடக்கும்போது தட்டினார். ஈதான் என்று நினைத்தேன். இந்த ஈடு முடியட்டும் என்று நினைத்தேன். மறுபடி தட்டினார், வேகமாகத் தட்டினார். தட்டட்டும் என்று நினைத்தேன்.

தட்டட்டும். இந்த இடத்துக்கு வந்ததும் மூன்று வருஷமாக என் நினைப்பு நின்றுவிடும், வேறு பக்கம் ஓடும். பால் வாங்கினோமா, கொடியில் துணி கிடக்கிறதா. ஓட விடக்கூடாது. இன்றைக்கு இதற்கு அந்தப் பக்கமும் போய்ப் பார்க்க வேண்டும். தட்டட்டும் என்று நினைத்துவிட்டு நான் சும்மாவும் இருக்கவில்லை, அச்சை மாவில் முக்கினேன், உதறினேன், பூப்பூவாக விழுந்தது, அன்றைக்குப் போல் அச்சு முறுக்கு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஒருவர் கூப்பிட்டும் போகாமல் இருப்பது எனக்கு இனித்தது. சொல்லிக்கொள், எமரன்சியா, இனித்தது. பத்து நிமிஷமோ பதினைந்து நிமிஷமோ, தட்டும் சத்தம் நின்றது. நான் அப்பாடா என்றேன். வாய்விட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகும் ஓர் ஈடு சுட்டேன், அவசரமே இல்லாமல். அப்புறம்தான் சூடாக ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். பதினான்கு பேர். இல்லை, யாரோ ஒரு கிழவர் மூட்டுவலி என்று சொல்லி முன்னால் போய்விட்டார், மறுபடி பதினைந்து.

நான் கத்திய கத்தில் பக்கத்து வீட்டுச் சலேத் அக்காதான் முதலில் ஓடி வந்தாள். இதோ இப்போதும் எனக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள். கையில் ஜெபமாலை ஓடுகிறது, கண் வருகிறவர் போகிறவர் எல்லோர் மேலும் ஓடுகிறது. அன்றைக்கு அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, நீ எங்கட்டி போயிருந்த? கூப்பிடலியா அவரு?" என்றாள். கூப்பிட்டார் என்று சொல்ல வாயைத் திறந்தேன், வேறு வந்தது. "கோயிலுக்குப் போயிருந்தேங்க்கா. பாவசங்கீர்த்தனத்துக்கு. இப்பத்தான் வந்தேன்." அவ்வளவுதான், ஒரு மூச்சில் வந்துவிட்டது. யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தாய் என்று பின்னால் கேட்டவர்களிடம் தனிஸ்லாஸ் சாமியிடம் என்றேன். அவருக்கு யார் வந்தார், யார் போனார் என்று ஞாபகம் இருக்கப்போவதில்லை. அடக்கத்தன்று கிராசியுஸ் சாமி இதே பீடத்தில் நின்று பிரசங்கம் வைத்தார். கணவரை ஆண்டவர் அழைத்துக்கொண்ட நேரத்தில் இந்தத் தாய் எங்கே இருந்தார், தன் ஆன்மாவைக் கழுவிக்கொண்டு ஆண்டவரின் பாதத்தில் இருந்தார், இப்படி ஒரு பாக்கியம் யாருக்குக் கிடைக்கும் என்றார். பெண்கள் எல்லோரும் விம்மி அழுதார்கள். நானும் அழுதேன், ஆனால் எனக்கு வந்தது பயத்தில் வந்த அழுகை. அதிலிருந்து எங்கள் கோயில் ஜெபக்குழுவான மரியாயின் சேனையில் நான்தான் தலைவி, நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் என்னைத்தான் முதலில் அழைக்கிறார்கள். எமரன்சியாவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று மருமகள்களிடம் சொல்கிறார்கள். பாவம், அந்த மருமகள்கள்.

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அன்றைக்கு நான் நைட்டியில் இருந்தேன். நைட்டி முழுக்க மாவு. நைட்டியோடு யார் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவார்கள்? அடுப்பை அணைத்தேனா என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை, ராத்திரி பார்த்தால் எண்ணெய்ச் சட்டி கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது, முறுக்கைக் காணோம். அதை எடுத்தது நான் இல்லை. அன்றைக்கு என் அடுப்படியில் வந்தவர்களுக்குக் காப்பி போட்டது சலேத் அக்கா. மூன்று வருஷத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை அவள், அடுத்த வீட்டுக் குழம்பில் உப்பு கூடினால் தெருக்கோடி வரைக்கும் கொண்டு போகிறவள். தெரியுமா தெரியாதா என்று நான் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே மெலிந்துபோனேன். இப்போதும் திரும்பிப் பார்க்கிறேன். "என்னட்டி, வேர்த்துக் கொட்டுது?" என்கிறாள். "ஒண்ணுமில்லக்கா, புழுக்கம்" என்கிறேன். வெளியே மழை, டிசம்பர் மாசம், இதில் எனக்கு மட்டும் என்ன புழுக்கமோ.

அது பாவமே இல்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். டாக்டர் என் மகனிடம் சொன்னார், இரண்டாவது தடவை மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, கால் மணி நேரத்துக்குள் முடிந்திருக்கும், பக்கத்தில் டாக்டரே இருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று. அப்படியென்றால் நான் போனாலும் போகாவிட்டாலும் ஒன்றுதானே. ஒன்றுதான். ஆனால் ஒன்றுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாதே. எனக்குத் தெரிந்தது அவர் கூப்பிடுகிறார் என்பது மட்டும்தான். போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது, ஆனால் கையைப் பிடித்திருப்பேன். சாகிறவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? இப்படியே போய்ப் போய்த் திரும்ப அதே இடத்துக்கு வந்து நிற்கும். ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடும், எவர்சில்வர் சத்தம் எங்கே கேட்டாலும் எழுந்து ஓடத் தோன்றும். வீட்டில் இருந்த தம்ளரையெல்லாம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் வாங்கிவைத்தேன். மகன் வந்தபோது, "என்னம்மா, கல்யாண வீடு மாதிரி பிளாஸ்டிக்குல தார?" என்று சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்.

கிளாட்வின். என் மகன். சென்னையில் கார்க் கம்பெனியில் வேலை, இருபத்தேழு வயது. மூன்று வருஷமாகக் கோயிலுக்குள் காலை வைக்க மாட்டேன் என்கிறான். இன்றைக்குக் காலையில் அவன் அப்பாவின் நினைவுப் பூசைக்கே வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றான். இப்போதும் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான், தூறலில் நனைந்துகொண்டு. உள்ளே வாய்யா என்றால், "நீ போம்மா. எனக்கும் அவருக்கும் பேச்சு இல்ல" என்கிறான். அவர் என்றால் ஆண்டவர். முதல் வருஷம் ஒருநாள் குடித்துவிட்டு வந்து சொன்னான். "இரண்டரை வருஷம் நீ ராத்திரி பகலாப் பாத்த. ஒரு அரைமணி நேரம் அவரு வீட்டுக்குப் போன. அந்த அரைமணி நேரம் எங்கப்பாவப் பாத்துக்கிட அவருக்கு ஏலல. வீட்டுல ஒரு ஈ காக்கா இல்லாம, அநாதையா, தனியாச் செத்துப்போனாரும்மா." இன்னொன்றும் சொன்னான். முந்தின நாளே அவனுக்கு ரயில் இருந்ததாம், கூட்டாளி ஒருவனின் கல்யாணம் என்று ஒருநாள் தள்ளிப்போட்டானாம், தான் வந்திருந்தால் அப்பா தனியாகச் செத்திருக்க மாட்டார் என்று சுவரில் தலையை மோதினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்ற பிள்ளை தலையை மோதுகிறான், ஒரு வாக்கியம் சொன்னால் நிறுத்துவான், நான் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். பிரசங்கத்துக்காகவா, சேனைத் தலைவி பட்டத்துக்காகவா? இல்லை, அவன் என்னைப் பார்க்கிற பார்வைக்காக. அந்தப் பார்வை மாறிவிடும் என்றுதான்.

ஏழு பேர். எப்போது இவ்வளவு தூரம் நகர்ந்தேன் என்று தெரியவில்லை. உள்ளிருந்து தனிஸ்லாஸ் சாமியின் குரல் கேட்கிறது, காது கேட்காதவர்களுக்குக் குரல் பெரிது. நல்லது, நல்லது. இந்த வரிசையில் இருந்தால் இன்றைக்கும் எனக்கு இதுதான் கிடைக்கும். நான் அடித்தொண்டையிலிருந்து எடுத்துச் சொன்னாலும் அவர் நல்லது என்பார். முறைப்படி அது செல்லும் என்பார்கள், சொன்னால் போதும், கேட்பவர் ஆண்டவர் என்பார்கள். செல்லட்டும். எனக்குப் போதாது. கூப்பிட்ட மனுஷனின் சத்தம் காதில் விழுந்தும் கேட்காதவள் மாதிரி இருந்தேன் நான். அந்தப் பாவத்தைக் கேட்காத காதில் போய்ச் சொன்னால் அது நியாயமா? ஒரு மனுஷன் கேட்க வேண்டும். முகம் சுளித்தாலும் பரவாயில்லை, கேட்க வேண்டும். எழுந்திரு, எமரன்சியா. பெருநாள் கழியட்டும், தைப் பொங்கலுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று உள்ளே ஒன்று சொல்கிறது, ஊர் பார்க்கும் என்கிறது, சர்க்கரை ஏறியிருக்கும் போல, வீட்டுக்குப் போ என்கிறது. எனக்குச் சர்க்கரையே கிடையாது. எழுந்துவிட்டேன்.

"ஏட்டி, எங்க போற? அந்தச் சாமிக்கு நல்லாக் காது கேக்கும்" என்று எனக்கு முன்னால் இருந்த அம்மாள் சிரிக்கிறாள், பெஞ்சு முழுக்கச் சிரிக்கிறது. நான் வடக்குப் பக்கத்தைப் பார்த்து நிற்கிறேன், நடுவில் கோயிலின் அகலம், அதைக் கடக்க வேண்டும். அப்போது சலேத் அக்கா என் முழங்கையைப் பிடிக்கிறாள். குனிகிறேன். ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தாமலே என் காதில் சொல்கிறாள். "போ, ஏட்டி. மூணு வருஷமா நீ எந்திரிப்பன்னுதான் ஒவ்வொரு தடவையும் உம் பின்னால வந்து உக்காருதேன். போ." அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை, கையை மட்டும் ஒருமுறை அழுத்திவிட்டு நடந்தேன். வைக்கோலை மிதித்துக்கொண்டு, கழுதையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பையனைத் தாண்டி, எல்லோரும் பார்க்க நடந்தேன். வடக்கு வரிசையில் ஆளே இல்லை. உட்கார்ந்து யோசிக்கக்கூட இடம் கொடுக்காமல் திரை விலகி அந்த வெளியூர்க்காரர் வெளியே வந்தார், முகமெல்லாம் சிவந்திருந்தது.

மரச் சல்லடைக்கு அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். முழங்காலிட்டேன். கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தீர்கள் என்று சாமி கேட்டார். போன வருஷம் இதே நாள் என்று வந்த வாயை அடக்கிக்கொண்டு, மூன்று வருஷம் எட்டு மாசம் என்றேன். அவர் சாகிறதற்கு முன்னால் வந்த ஈஸ்டர்தான் கடைசி, அதற்குப் பின்னால் செய்ததெல்லாம் கள்ளம் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டு, எமரன்சியா. சாமி அவசரப்படுத்தவில்லை, அவரைக் கேள்வி கேட்கிறவர் என்று பயந்தேனே, ஒன்றும் கேட்கவில்லை. நான் சொன்னேன். வரிசையாக இல்லை, முன்னுக்குப் பின்னாக, அச்சு முறுக்கிலிருந்து ஆரம்பித்து, நைட்டி, தம்ளர், பொய், தட்டட்டும் என்று நினைத்தது, இனித்தது என்று எல்லாம் சொன்னேன். கடைசியில் சத்தம் நின்றதையும், அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதையும் சொன்னேன். "அப்பாடான்னேன் சாமி. புருஷன் செத்துக்கிட்டு இருக்கயில அப்பாடான்னேன்."

பிறகு, "அந்தப் பிரசங்கத்த நான் இன்னும் மூணு ஊர்ல சொல்லியிருக்கேம்மா" என்றார் சாமி மெல்ல. எனக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது, என்ன பெண் நான். "மன்னிச்சுக்கிடுங்க சாமி" என்றேன். "அது என் பாடு, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். இனிச் சொல்வார், இது பாவமே இல்லையம்மா, களைப்பு, யாராக இருந்தாலும் அப்படித்தான் என்று சொல்வார், அப்படிச் சொல்லிவிட்டால் நான் வந்தது வீண் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "களைச்சுப்போயிருந்தீங்க. அது பாவமில்ல. கேட்டும் போகாம இருந்தீங்க, பொய் சொன்னீங்க, அந்தப் பொய்மேல இத்தன வருஷம் உக்காந்திருந்தீங்க. அது பாவந்தாம்மா. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். அதுக்குத்தான ஆண்டவர் மனுஷனாப் பொறந்து வாரார், இல்லன்னா இந்தப் பெருநாள் எதுக்கு." அவ்வளவுதான். பாவம்தான் என்று ஒருவர் சொன்னதும் என் தோள் இரண்டும் தளர்ந்து இறங்கியது. மூன்று வருஷமாக நான் இல்லை இல்லை என்று பிடித்துக்கொண்டிருந்ததை இனிப் பிடிக்க வேண்டாம். அபராதமாக ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை ஒன்று, என் வீட்டுக்காரர் ஆன்மாவுக்காக. "ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். அந்தப் பொய்யால நோவுற ஆள் யாராச்சும் இருந்தா அவங்ககிட்ட மட்டும் சொல்லுங்க. இது அபராதம் இல்ல, நான் கேட்டுக்கிடுதேன்" என்றார். பிறகு கையைத் தூக்கி மன்னிப்பின் வார்த்தைகளைச் சொன்னார். ஆயிரம் தடவை கேட்ட வார்த்தைகள்தான். எனக்காக என்று இன்றைக்குத்தான் கேட்டேன்.

குடிலுக்கு எதிரே முழங்காலிட்டு ஜெபமாலை சொன்னேன். தீவனத்தொட்டி இன்னும் காலியாகக் கிடந்தது, பாலன் சொரூபத்தை நாளை ராத்திரிப் பூசையில்தான் வைப்பார்கள். தொபியாஸ் ஆன்மாவுக்காக என்று அவர் பெயரைச் சொல்லி ஆரம்பித்தேன், செத்த நாளிலிருந்து அவருக்காக நான் வாயால் ஜெபம் பண்ணினேன், மனதால் இல்லை, அவருக்குக் கேட்டுவிடுமே என்று பயம். இன்றைக்குக் கேட்கட்டும் என்று சொன்னேன். நான் வரலங்க, கூப்பிட்டீங்க, நான் வரல, மன்னிச்சிருங்க. அழுதேன், அவருக்காகவே அழுதேன், அந்த முரட்டு மனுஷருக்காக. ஐம்பத்துமூன்று மணியும் முடிந்தபோது எனக்குப் பசித்தது. மத்தியானம் சாப்பிட்டிருந்தேன், ஆனாலும் நல்ல பசி, சின்னப் பிள்ளைக்கு வருகிற மாதிரி. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கிளாட்வின் வேப்பமரத்தடியில் வண்டி மேல் உட்கார்ந்திருந்தான், தலையில் கைக்குட்டை. "முடிஞ்சிட்டா? ஏறு, நனையாத" என்றான். "எறங்குய்யா. ஒண்ணு சொல்லணும்" என்றேன். இந்த இடம் தொட்டியைவிடக் கஷ்டம், இங்கே சல்லடை கிடையாது, என் பிள்ளையின் முகம் இருக்கிறது, அவன் அப்பாவின் அதே மூக்கு. வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம், சாப்பிட்ட பிறகு சொல்லலாம், பெருநாளைக் கெடுக்க வேண்டாம் என்று வந்ததையெல்லாம் தள்ளினேன். "அன்னைக்கு நான் கோயில்ல இல்லய்யா. வீட்டுலதான் இருந்தேன். அடுப்படியில. அப்பா கூப்பிட்டாரு. தம்ளரத் தட்டுனாரு. எனக்குக் கேட்டுச்சு. நான் போகல." அவன் என்னையே பார்த்தான். நான் எதிர்பார்த்த பார்வை வந்தது, கண் சுருங்கியது, தாடை இறுகியது, நான் தலையைக் குனியவில்லை. திட்டட்டும், அடிக்கட்டும், விட்டுவிட்டுப் போகட்டும், என்ன வந்தாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். கைக்குட்டையைத் தலையிலிருந்து எடுத்தான், அதைக் கையில் சுருட்டினான், விரித்தான். வாயைத் திறந்தபோது அவன் குரல் எட்டு வயதில் கேட்ட குரல் மாதிரி இருந்தது.

"அப்ப... வீட்டுல நீ இருந்தியா? அப்பா தனியாச் சாகலயா?"

மூன்று வருஷமாக எத்தனையோ பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இந்தப் பக்கம் எனக்குத் தெரியவே இல்லை. எண்ணெய் கொதிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்கும். நான் அங்கேதான் இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும், தெரிந்துதான் தட்டினார்.

"இல்லய்யா" என்றேன். "தனியாச் சாகல. நான் இருந்தேன்."